மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கூடாது: உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது?

சென்னையில் சாலையோரம் கான்கிரீட் மூடி போட்டிருப்பது மாநகராட்சியின் மழைநீர் வடிகால். சாலையில் வட்ட மூடியோடு இருப்பது குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாய். கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன் வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேரும். வடிகால் தண்ணீருக்குச் சுத்திகரிப்பே கிடையாது. போட்டது போட்டபடி ஆற்றுக்குப் போகும்.

எந்த ஆற்றுக்கு என்பது உங்கள் பகுதியைப் பொறுத்தது. சென்னையை கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் என்று நான்கு வடிநிலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தி.நகரில் விட்டது மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்கு. வேளச்சேரியில் விட்டது பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டுக்கு.

விதி இருபக்கமும் பொருந்தும்: வடிகாலில் கழிவுநீரை விடக்கூடாது, மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடவும் கூடாது. முதல் விதியைப் பலர் தெரியாமலே மீறுகிறார்கள். கழிப்பறை சரியாக இணைந்திருக்கும். பின்னால் போட்ட வாஷிங் மெஷின் குழாயும் பாத்திரம் தேய்க்கும் தொட்டியும் வடிகாலில் விழும். 'வெறும் சோப்புத் தண்ணிதானே' என்பார்கள். அந்த அழுக்கிலுள்ள சத்துதான் ஆகாயத்தாமரைக்குத் தீனி. செப்டிக் டேங்க் வழிந்து வடிகாலுக்குப் போவதும் இதே மீறல்தான்.

சோதிப்பது எளிது. மழையில்லாத நாளில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து, ஒரே ஒரு தொட்டியில் ஊற்றுங்கள். இன்னொருவர் வீட்டு வளாகத்திலுள்ள கழிவுநீர்ச் சேம்பரை (வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட குழி) திறந்து பார்க்கட்டும். சில நிமிடங்களில் நீலம் வந்தால் சரி. வரவில்லையென்றால், அடைப்பு இல்லாத பட்சத்தில், அது வேறெங்கோ போகிறது. நல்ல தண்ணீர் விட்டு நீலத்தை அலசிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் எது தவறு என்று தெரியாது.

தவறான குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் வீட்டுக்குள்ளேயே தேங்கும். பிளம்பரைக் கொண்டு அதைச் சேம்பருக்குத் திருப்புங்கள். கழிவுநீர் இணைப்பே இல்லையென்றால் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; 044-45674567 என்ற எண்ணிலும் கேட்கலாம். அடைப்பெடுக்க யாரையும் கழிவுநீர்க் குழிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்காதீர்கள். மனிதர்கள் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், விஷவாயு உயிரைப் பறிக்கும்.

இனி மழைநீர். கழிவுநீர்க் குழாய் வீட்டுக் கழிவின் அளவுக்குப் போட்டது. தெருவிலுள்ள மாடிகள் எல்லாம் அதில் கொட்டினால் மூடி பொங்கும், தரைத்தளக் குளியலறையில் சாக்கடை ஏறும். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை பெய்தாலே சுமார் 1,000 லிட்டர். அதைச் சேகரிக்கும் அமைப்பு 2003 முதலே கட்டாயம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதை வடிகட்டிச் சம்ப்புக்கோ கிணற்றுக்கோ விடுங்கள். பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடத்தில் கூழாங்கல்லும் மேலே மணலும் நிரப்பிய கசிவுக்குழி போதும். களிமண் பகுதியில் குழிக்குள் துளை போட்டு மணல் படுகை வரை இறக்காவிட்டால் தண்ணீர் தேங்கிக் கொசுதான் வளரும். ஐப்பசிக்கு முன் மேல்மணலைக் கிளறிக் கழுவுங்கள். பல குழிகள் வேலை செய்யாததற்குக் காரணம் அதில் படியும் சேறுதான்.

லாரியிலிருந்து யாராவது வடிகாலில் கழிவுநீர் இறக்கினால் வண்டி எண், இடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள்.