இரவு 9 மணிக்குச் சுடும் சுவர்

போன மே மாதம் மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, ஏசியை 20-ல வெச்சும் ரூம் குளிர மாட்டேங்குது. மெக்கானிக் ரெண்டு தடவை கேஸ் ஏத்திட்டுப் போயிட்டார்." நான் போய்ச் சேர்ந்தபோது இரவு 9 மணி. மேற்குச் சுவரில் கையை வைத்தேன். இட்லிச் சட்டியை இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்ட மாதிரி இருந்தது. மற்ற மூன்று சுவர்களும் சாதாரணம்தான். மேலே இன்னொரு வீடு இருப்பதால் கூரையில் பிரச்சினை இல்லை.

9 அங்குலச் செங்கல் சுவர் வெயிலைத் தடுக்காது, தள்ளித்தான் போடும். பிற்பகல் 3 மணிக்கு வெளியே விழுந்த வெயில், ஆறேழு மணி நேரம் கழித்து, நாம் படுக்கப்போகும் நேரம் பார்த்து உள்ளே வந்து சேரும்.

ஏற்கெனவே ஒரு கான்ட்ராக்டர் மதிப்பீடு கொடுத்திருந்தார்: நான்கு சுவர்களுக்கும் உள்பக்கம் தெர்மாகோல், அதன்மேல் ஜிப்சம் போர்டு. வேண்டாம் சார் என்றேன். சுடாத மூன்று சுவர்களுக்கு எதற்குச் செலவு? உள்பக்கம் ஒட்டினால் வெயில் வாங்கும் செங்கல் அப்படியே வெளியே காய்ந்துகொண்டிருக்கும். அதைவிட முக்கியம் ஈரம். குளிர் நாடுகளில் வீட்டு ஈரம் வெளியே போகப் பார்க்கும். அதனால் அங்கே உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் விரிப்பது சரி. நம் ஊரில், அதுவும் கடற்கரைப் பக்கம், ஏசி அறைக்குள் ஈரம் வெளியிலிருந்து வரும். உள்ளே தாளோ வினைல் வால்பேப்பரோ ஒட்டினால் அதன் பின்னால் நீர் கோத்துக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். பிரித்துப் பார்த்த வீடுகளின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெளிப்பக்கம் 2 அங்குல இபிஎஸ் பலகை, மேலே ஃபைபர் வலை, மெல்லிய பூச்சு, வெள்ளை பெயின்ட். கணக்குப்படி உள்ளே வரும் வெப்பம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிறது. இபிஎஸ் என்பது நம் தெர்மாகோலேதான், தீப்பிடிக்கும். மாடி வீட்டில் பூச்சுக்குள் மூடி வைக்கலாம், உயரமான அடுக்ககத்துக்குத் தீப்பிடிக்காத ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) தான். லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017-ல் வெளிச்சுவர் மறைப்பு வழியாகத் தீ ஏறி 72 பேர் இறந்ததை மறக்கக் கூடாது. இன்னொரு வகை நுரைப் பலகையான எக்ஸ்பிஎஸ் வாங்கினால் எந்த வாயுவை ஊதிச் செய்தது என்று கேளுங்கள். எச்எஃப்சி-134ஏ என்றால், அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. கரண்டை மிச்சம் பிடித்து அதை வெளியே விட்டால் என்ன லாபம்?

புதிதாகக் கட்டுகிறீர்களா? அப்படியானால் பலகை எதுவும் வேண்டாம், கல்லைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சிமெண்ட் சாலிட் பிளாக் செங்கல்லைவிட மோசம். ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லைச் சூளையில் சுடுவதில்லை, அது நல்லது. வெப்பத்தைத் தடுப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல், செங்கல்லைவிட மூன்று நான்கு மடங்கு குறைவாக வெப்பம் கடத்தும். எடையும் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் பல மாடிக் கட்டடத்தில் கம்பிச் செலவும் குறையும். செங்கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் ட்ராப் (எலிப்பொறி) கட்டு இருக்கிறது. கல்லை நிறுத்திவைத்து நடுவில் காற்றிடைவெளி விடுவார்கள். கல் கால்வாசி மிச்சமாகும்.

ஏஏசியில் வரும் புகாரெல்லாம் விரிசல் பற்றித்தான், அதில் பாதி நம் கைவேலை. செங்கல் பழக்கத்தில் கொத்தனார் பிளாக்கைத் தொட்டியில் ஊறப்போடுவார். பிறகு அது காய்ந்து சுருங்கும்போது பூச்சு பிளக்கும். மேலாக நனைத்தால் போதும். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை அடிக்காமல் பூசவே விடாதீர்கள்.

வீடுகளில் மின்சாரம் மிச்சம் பிடிக்க மத்திய அரசு கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 விதி, கூரை நீங்கலாக வெளிச்சுவர், ஜன்னல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் உள்ளே வரும் வெப்பத்தைக் கணக்குப் போடுகிறது. காரணம் இருக்கிறது: மேற்கே நிழலில்லாத பெரிய கண்ணாடி வைத்துவிட்டால், எந்தச் சுவராலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஆசிரியர் வீட்டில் ஏசி இப்போது 26-ல் ஓடுகிறது. கேஸுக்குக் கொடுத்த காசைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.