எஞ்சின் அணைந்த பிறகு எண்ணெய் ஊற்றுவது யார்?

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "ஓய்வு பெற்றாயிற்று, மோட்டார்ஹோமும் வாங்கியாயிற்று. அதன் பின்னால் கட்டி இழுத்துப் போக ஓர் எஸ்யூவி வேண்டும். டிரெய்லர் வேண்டாம், நாலு சக்கரமும் ரோட்டிலேயே உருளட்டும். எங்களிடம் இருக்கும் 2019 ஹோண்டா சிஆர்-வி இதற்கு ஆகாது என்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தன் 2012 சிஆர்-வியை வருடக்கணக்காக இப்படித்தான் இழுத்துக்கொண்டு போகிறார். அதே கம்பெனி, அதே கார். ஏன் இந்த வித்தியாசம்?"

உங்களிடம் அவர்கள் சொன்னதும் சரிதான், பக்கத்து வீட்டுக்காரர் செய்வதும் சரிதான். வித்தியாசம் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது.

நம்மூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. மோட்டார்ஹோம் என்பது பஸ் அளவுக்கு நீளமான, சக்கரம் வைத்த வீடு. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய் முகாமில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயையும் மின்சாரத்தையும் இணைத்த பிறகு, ஒரு கேலன் பால் வாங்க அதைக் கிளப்பிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. அதனால் பின்னால் ஒரு கார். அதை டிரெய்லரில் ஏற்றலாம், ஆனால் டிரெய்லரின் எடையும் சேரும், முகாமில் அதை நிறுத்த இடமும் தேட வேண்டும். அதனால் பலர் காரின் முன்பக்கச் சட்டகத்தில் ஒரு இரும்புத் தட்டைப் பொருத்தி, 'வி' வடிவ இழுகம்பியால் மோட்டார்ஹோமோடு கோத்துவிடுகிறார்கள். கார் தன் சக்கரங்களிலேயே பின்னால் உருண்டு வரும்.

சிக்கல் அந்த 'உருண்டு வரும்' என்பதில்தான். சக்கரம் சுற்றினால் அச்சு சுற்றும். அச்சு சுற்றினால் அதோடு பல்சக்கரங்களால் பிணைந்த தண்டும் சுற்றும், அந்தத் தண்டு கியர்பாக்ஸுக்குள் போய் முடிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 செ.மீ. விட்டமுள்ள டயர், மணிக்கு 105 கி.மீ. வேகம் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 சுற்று சுற்றும். அச்சில் பல்சக்கர விகிதம் 3.7 என்றால், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்குத் தண்டு 3.7 சுற்று என்றால், தண்டு நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கும் மேல். 300 கி.மீ. போய்ச் சேருவதற்குள் அது நான்கு லட்சம் சுற்றைத் தாண்டியிருக்கும். எஞ்சின் அணைந்திருக்கிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறது, ஆனாலும் கியர்பாக்ஸின் பின்பாதி முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

சுற்றினால் என்ன, எண்ணெய்தான் இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, ஆனால் அடியில் தேங்கிக் கிடக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

1883-இல் லண்டனில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர், சுழலும் அச்சுக்கும் அதன் மேல் உட்காரும் தாங்கிக்கும் (பேரிங்) இடையே உராய்வு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தார். அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுழன்றது. மேலிருந்தும் எண்ணெய் விடலாம் என்று தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியாக வெளியே வழிந்தது. கார்க்கால் அடைத்தார், பிறகு மரக்கட்டையால் அடைத்தார். அதையும் எண்ணெய் மெல்ல வெளியே தள்ளியது. சரி என்று அழுத்தமானியை மாட்டினார். தாங்கியின் மேல் இருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. அழுத்தமானியின் முள்ளோ அதன் எல்லையான 200-ஐத் தாண்டிப் போய்விட்டது!

பம்ப் எதுவும் இல்லாமல் இந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது? சுழலும் அச்சு எண்ணெயைத் தன் மேல் ஒட்டவைத்து, குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. உள்ளே போன எண்ணெய்க்கு இடம் போதவில்லை, சட்டென்று வெளியேறவும் வழியில்லை. அதனால் அழுத்தம் ஏறி, தாங்கியையே தூக்கிவிடுகிறது. ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தைத் தொடுவதே இல்லை. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். மான்செஸ்டரில் இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இதைச் சமன்பாடாக்கினார். இன்றைக்கும் எஞ்சின் தாங்கிகளை வடிவமைப்பவர்கள் அந்தச் சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள். டவருக்குப் பணம் கொடுத்தது இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஆய்வுக் குழு. 'உராய்வை அளந்து என்ன லாபம்?' என்று அன்றைக்கு யாராவது கோப்பைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, நம் நாட்டில் அடிப்படை ஆய்வுக்கு நிதி கேட்டு அலைகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இந்த அற்புதத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இழுத்துச் செல்ல அந்த இடத்தில் எண்ணெய் இருக்க வேண்டும். வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது முன்பக்கத்தில் இருக்கும் ஒரு பம்ப். அதைச் சுற்றுவது, எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். டார்க் கன்வெர்ட்டரைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்ப் நின்றது. கரண்ட் போன பிறகு பம்புசெட்டை நம்பிப் பயிர் வைத்த கதைதான். பின்பக்கத் தண்டும், அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் கோள் பல்சக்கரங்களும், அவற்றின் ஊசித் தாங்கிகளும் மிச்சமிருக்கும் ஈரத்தில் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் படலம் கிழியும், உலோகம் உலோகத்தைத் தொடும், சூடேறி நிறம் மாறும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது, அவர் பத்து மீட்டர் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சென்னை வெள்ளத்தில் நின்றுபோன ஆட்டோமேட்டிக் கார்களைக் கயிறு கட்டி இழுத்தவர்களுக்கும் இதே கதைதான். குறைந்த வேகத்தில், கொஞ்ச தூரத்துக்குப் பல கையேடுகள் அனுமதிக்கும். அதற்கு மேல் என்றால் லாரியில் ஏற்றுவதே மேல்.

வேடிக்கை என்னவென்றால், 1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் பின்பக்கத் தண்டிலும் இரண்டாவதாக ஒரு பம்ப் இருந்தது. சக்கரம் உருண்டாலே அது எண்ணெய் கொடுக்கும். பேட்டரி தீர்ந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யக்கூட முடிந்தது. பிறகு செலவு மிச்சம் என்று அதை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது கஞ்சத்தனம்.

இனி ஜீப் ரேங்ளருக்கு வருவோம். இழுத்துப் போகும் கார்களில் அது ஏன் ராஜா என்பது இப்போது புரியும். நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்க, கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனிப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்கென்று சொந்தமாக ஒரு நியூட்ரல் உண்டு. அதில் போட்டால் முன் தண்டு, பின் தண்டு இரண்டும் கியர்பாக்ஸிலிருந்து கழன்றுவிடும். சக்கரங்கள் சுற்றும்போது டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே சில பாகங்கள் மட்டும் சுற்றும். சரி, அவற்றுக்கு எண்ணெய்? இந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் சின்ன எண்ணெய் பம்ப் வெளியேறும் தண்டின் மேலேயே, அதாவது சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. இழுக்கும் மோட்டார்ஹோமே ஜீப்புக்கு எண்ணெய் ஊற்றுகிறது! எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு எண்ணெய்.

இதில் இன்னும் ஓர் அழகு. டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டதும், ஆட்டோமேட்டிக் ரேங்ளராக இருந்தால் கியரைப் 'பார்க்'கில் போடச் சொல்கிறது கையேடு. மேனுவல் என்றால் ஏதாவது கியரில் விட வேண்டும். இப்படித் தனி நியூட்ரல் இல்லாத காரில் இதைச் செய்து இழுத்தால் 'பார்க்'கின் பூட்டுக்கொக்கி உடையும் அல்லது டயர் தேயும். இங்கே எதற்கு? டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் எண்ணெயின் பிசுபிசுப்பே கியர்பாக்ஸின் தண்டை மெல்லச் சுற்றப் பார்க்கும். பம்ப் ஓடாத நிலையில் அந்த மெல்லிய சுழற்சிகூட நல்லதல்ல, அதனால் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். இதிலேயே ஆபத்தும் ஒளிந்திருக்கிறது: இந்த நிலையில் 'பார்க்'கில் இருக்கும் ஜீப் சரிவில் தாராளமாக உருண்டு ஓடும். கோக்கும்போதும் கழற்றும்போதும் கைப்பிரேக் கட்டாயம்.

இப்போது உங்கள் சிஆர்-வி. 2014 வரை ஹோண்டா அதில் போட்டது தானே வடிவமைத்த, இணைத் தண்டுகள் கொண்ட ஆட்டோமேட்டிக். அதை இழுக்கலாம் என்று ஹோண்டாவே சடங்கு மாதிரி வழி சொல்லியிருந்தது: 'டி'-யில் (டிரைவ்) 5 விநாடி, பிறகு 'என்' (நியூட்ரல்), எஞ்சினை 3 நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும், மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது. அந்த 3 நிமிடம் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்வதற்காக. 2015-இல் சிவிடி வந்தது, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் கியர்பாக்ஸ். இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகு வார். அதை இறுக்கிப் பிடிப்பதே எண்ணெய் அழுத்தம்தான். பம்ப் ஓடாமல் கப்பி சுற்றினால் வார் வழுக்கிக் கப்பியைச் சுரண்டும். டொயோட்டா ஆர்ஏவி4 ஹைப்ரிட் போன்றவற்றில் வேறு பிரச்சினை: காந்த மோட்டார் சக்கரத்தோடு நிரந்தரமாகப் பல்கோத்திருக்கிறது, இழுத்தால் அது ஜெனரேட்டராகிவிடும்.

"என் நண்பர் சிவிடி காரை இழுத்துப் போனார், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். கியர்பாக்ஸ் எரிந்தவர் அப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நசுங்கும் சத்தம் நன்றாகவே இருக்கும். ஆனால் காரின் கையேட்டில் நான்கு சக்கரமும் தரையில் படும்படி இழுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறதோ, அது அந்தக் குறிப்பிட்ட வருடத்துக்கும் அந்தக் கியர்பாக்ஸுக்கும் மட்டுமே பொருந்தும்.

எடை, பிரேக் சமாச்சாரம் சுருக்கமாக. பெட்ரோல் மோட்டார்ஹோம்கள் பலவற்றின் கொக்கி 5,000 பவுண்டு வரை தாங்கும். நாலு கதவு ரேங்ளர் ஏறக்குறைய 4,200 பவுண்டு. பெரிய எஸ்யூவிகள் இந்த வரம்பைத் தாண்டிவிடும். இழுபடும் காருக்குத் தனி பிரேக் கருவி பொருத்துங்கள், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும். பின்னோக்கி எடுக்க மட்டும் முயலாதீர்கள். முன்னோக்கிப் போகும்போது தானாக நேராகும் முன்சக்கரங்கள், பின்னோக்கித் தள்ளினால் ஒரேயடியாகத் திரும்பி மடங்கிக்கொள்ளும்.

ரேங்ளர் முதுகுக்கு ஆகாது என்று வீட்டில் சொன்னால், பழைய கிராண்ட் செரோகி பாருங்கள். ஆனால் எல்லா கிராண்ட் செரோகியும் உதவாது, இரு வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளதுதான் வேண்டும், நியூட்ரல் அதில்தான் உண்டு. விற்பவருக்கே பல சமயம் இது தெரிந்திருக்காது. 2011-க்குப் பிந்தைய தலைமுறையில் கியர் லீவருக்குப் பக்கத்தில் '4டபிள்யூடி லோ' பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அருகிலேயே பள்ளத்தில் பதிந்த சின்ன 'என்' பொத்தான் ஒன்றும் இருக்கும், பால்பாயிண்ட் பேனா முனையால்தான் அழுத்த முடியும். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓட, பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து, அதை 4 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு ரிவர்ஸில் போட்டுப் பிரேக்கை விடுங்கள், அப்புறம் டிரைவில் போட்டு விடுங்கள். இரண்டிலும் கார் அசையாமல் நின்றால் வாங்கலாம்.