ஏர் பிஸ்டல் போட்டி: விதி சொல்வது என்ன, கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

போட்டிக்கு முன் ஒவ்வொரு பிஸ்டலும் கருவிச் சோதனை மேஜைக்குப் போக வேண்டும். அங்கே 500 கிராம் எடையை ட்ரிகரில் மாட்டி, குழல் வானத்தைப் பார்த்தபடி பிஸ்டலை மெல்லத் தூக்குவார்கள். எடை மேஜையை விட்டு எழும்ப வேண்டும். ட்ரிகர் விழக் கூடாது, அதாவது பிஸ்டல் சுட்டுவிடக் கூடாது. மூன்று முறை வரை முயலலாம். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, முதல் போட்டியில் மூன்று முறையும் எடை எழும்பும் முன்பே ‘டிக்’ என்று ட்ரிகர் விழுந்துவிட்டது. யாரோ சொன்னதைக் கேட்டு, ட்ரிகர் லேசாக இருந்தால் நல்லது என்று அதன் திருகைத் தளர்த்தி வைத்திருந்தாள். அங்கேயே திருகை இறுக்கி, மறுபடி காட்டி, அனுமதி வாங்கிவிட்டோம். ஆனால் மாதக்கணக்கில் லேசான ட்ரிகருக்குப் பழகிய விரல் அன்று அவள் பேச்சைக் கேட்கவில்லை. சுட நினைத்த நொடியில் சுட முடியாமல், இழுத்து இழுத்துச் சுட்டாள். பயிற்சியில் அவள் எடுத்திருந்த புள்ளிகளுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அவளுக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிஸ்டலைப் பார்க்கும் முன் விதியைப் பாருங்கள். விதி அளக்கும் அளவிலேயே முதல் நாளிலிருந்து பழகுங்கள்.

உலக அளவில் இந்தப் போட்டிகளுக்கு விதி வகுப்பது சர்வதேச துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐஎஸ்எஸ்எஃப். ஒலிம்பிக்கிலும் இதே விதிகள்தான். ஒன்றை மறக்கக் கூடாது: எது விளையாட்டுக்கு ஏற்ற கருவி என்பதை மட்டுமே இந்த விதிகள் சொல்கின்றன. யார் வைத்திருக்கலாம், எப்படி எடுத்துச் செல்லலாம் என்பதை அந்தந்த நாட்டின் ஆயுதச் சட்டம் தீர்மானிக்கிறது. முதலில் அது, பிறகுதான் இது.

புதிதாக வருபவர்களுக்கு, காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான் நுழைவாசல். விதி கேட்பவை இவை: 4.5 மில்லிமீட்டர் பெல்லட் என்ற சிறு குண்டு, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று நிரப்பலாம். பிஸ்டலின் எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ட்ரிகர் எடை, அதாவது ட்ரிகர் விழத் தேவையான இழுவை, 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் கொண்ட ஒரு பெட்டிக்குள், மாட்டியிருக்கும் எல்லாத் துணைப்பாகங்களோடும் பிஸ்டல் அடங்க வேண்டும். பிஸ்டலில் தொலைநோக்கி, லேசர், பிம்பம் காட்டும் கண்ணாடி எதுவும் பொருத்தக் கூடாது. குறிபார்க்கத் திறந்த சைட் மட்டுமே: முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு வெட்டு. எலெக்ட்ரானிக் ட்ரிகர் வைத்துக்கொள்ளலாம், அதன் பாகங்கள் எல்லாம் பிஸ்டலுக்குள்ளேயே இருந்தால். ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும். பிஸ்டல் பிடித்த கையில் கடிகாரமோ வளையலோ மணிக்கட்டுப் பட்டையோ இருக்கக் கூடாது. ஷூ கணுக்கால் எலும்பை மூடக் கூடாது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது கிரிப்பில், அதாவது கைப்பிடியில்தான். கிரிப்பின் எந்தப் பகுதியும் கையைத் தாண்டி மேலே தொடக் கூடாது, மணிக்கட்டு தெளிவாகத் தெரியும்படி விடுபட்டிருக்க வேண்டும் என்கிறது விதி. உள்ளங்கையின் அடிப்பகுதி உட்காரும் தட்டு கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும். கையைக் கவ்விப் பிடிப்பதுபோல மேல்நோக்கி வளையக் கூடாது. மணிக்கட்டை ஒரு மரக்கூட்டுக்குள் செருகிப் பூட்டிவிட்டால் யாராலும் ஆடாமல் பிடிக்க முடியும். பிறகு போட்டி எதற்கு? கை தன் பலத்தால் நிற்கிறதா என்பதைப் பார்ப்பதற்கே இந்த விதி.

அதனால் கருவி தேர்ந்தெடுக்கும்போது பிராண்டை விடக் கிரிப்பைப் பாருங்கள். ஸ்டேயர், மோரினி, வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், பார்தினி என்று போட்டிக் களத்தில் நீங்கள் காணும் பெயர்கள் எல்லாமே உங்கள் கையை விடத் துல்லியமானவை. கிரிப்பில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. வலக்கை, இடக்கை தனித்தனி. கையில் பிடித்துக் கண்ணை மூடுங்கள். கையை உயர்த்தி, கண்ணைத் திறங்கள். முன் சைட், பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில் தானாக வந்து நின்றால் அது உங்கள் கிரிப். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் கிரிப்பைத் திருப்ப வேண்டும், அல்லது மரத்தைச் சீவ வேண்டும். மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்யாதீர்கள். முறுக்கிய மணிக்கட்டு 40 குண்டுக்குப் பிறகு பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பழைய பிஸ்டல் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. காற்று சிலிண்டரின் மேல் காலாவதித் தேதி அடித்திருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். தேதி தாண்டாத சிலிண்டரைக் கொண்டுவருவது வீரரின் பொறுப்பு என்று விதி சொல்கிறது. பாதுகாப்புக்காகவும் அதை மீறக் கூடாது.

இப்போது பயிற்சி. திறந்த சைட் மட்டும் என்ற விதிதான் பயிற்சியின் பாதியைத் தீர்மானிக்கிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் வெட்டில் முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் அது 31 மி.மீ. விலகல். டார்கெட்டின் நடுவில் 10 புள்ளி தரும் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான். அந்தக் குண்டு 7-இல் போய் விழும். ஆனால் இரண்டு சைட்டும் ஒழுங்காக ஒட்டியிருந்து, கை மொத்தமாக 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால்? குண்டும் அதே 5 மி.மீ. தான் நகரும். அது இன்னமும் 10! எனவே கை ஆடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் ஆடும். கண் முன் சைட்டின் மேல் விளிம்பை விட்டு நகரக் கூடாது. டார்கெட் மங்கலாகத் தெரிவதுதான் சரி.

இதைப் பழக பெல்லட்டே வேண்டாம். காலி பிஸ்டலில், ட்ரிகர் மட்டும் இயங்கும் டிரை ஃபயர் முறைக்கு மாற்றி, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சுடுங்கள். காலிதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சுவருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத திசையாக இருக்கட்டும். ட்ரிகர் விழும் நொடியில் முன் சைட் துள்ளுகிறதா? அதுதான் உங்கள் குறை. டார்கெட் இல்லாததால் கண்ணுக்கு ஓட வேறு இடமில்லை, குறை பளிச்சென்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில், நாளுக்கு இருபது நிமிடம் இப்படிப் பழகுபவர்கள், வாரத்துக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கில் சுடுபவர்களை முந்திவிடுகிறார்கள்.

நேரமும் விதிக்குள்தான். எலெக்ட்ரானிக் டார்கெட்டில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். அதற்கு முன் தயாராகவும் சோதித்துச் சுடவும் 15 நிமிடம். கணக்குப் போட்டால் குண்டுக்கு 75 நொடி, தாராளம். ஏழெட்டு நொடிக்குள் ட்ரிகர் விழவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். இறக்கத் தெரிவதும் ஒரு பயிற்சி. ஐந்தில் ஒருமுறை வேண்டுமென்றே சுடாமல் இறக்கிப் பழகச் சொல்வேன். முன்பு பெண்களுக்கு 40 குண்டுகள்தான். 2018 முதல் அவர்களுக்கும் 60. பழைய அட்டவணையை வைத்துப் பயிற்சி செய்பவர்கள் கவனிக்கவும்.

25 மீட்டருக்குப் போனால் கணக்கு மாறுகிறது. அங்கே 5.6 மி.மீ. தோட்டா, ட்ரிகர் எடை குறைந்தது 1,000 கிராம், பிஸ்டல் எடை அதிகபட்சம் 1,400 கிராம், 300 × 150 × 50 மி.மீ. பெட்டி. பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலின் இரண்டாம் பாதியில் டார்கெட் 3 நொடி தெரியும், 7 நொடி மறையும். ஒவ்வொரு தோற்றத்துக்கும் ஒரு குண்டு, கையைத் தாழ்த்திய நிலையிலிருந்து. ஆண்களின் ரேபிட் ஃபயரில் ஐந்து டார்கெட்டில் ஐந்து குண்டுகளை 8 நொடி, 6 நொடி, கடைசியில் 4 நொடிக்குள் முடிக்க வேண்டும். ஏர் பிஸ்டலில் அடித்தளம் உறுதியாகும் வரை இதற்கு அவசரப்பட வேண்டாம்.

கருவி நடுவில் பழுதானால்? டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கருக்கு நடந்தது அதுதான். சரிசெய்வதிலேயே பல நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடம், இறுதிச் சுற்று இல்லை. 2024-இல் பாரிஸில் அதே பிரிவில் அவர் வெண்கலம் வென்றார். மாற்றுப் பிஸ்டல் வைத்திருந்தால் அதையும் முன்பே சோதனை மேஜையில் காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். காட்டாத கருவியைப் போட்டியில் எடுக்க முடியாது. 25 மீட்டரில் தோட்டா வெடிக்காமல் போனால் குழலை டார்கெட் பக்கமே வைத்து, மறு கையை உயர்த்தி, நடுவர் வரும் வரை அசையாமல் நில்லுங்கள். பதற்றத்தில், தோட்டா அறையைத் திறக்கும் போல்ட்டை நீங்களே இழுத்துவிட்டால் அது அனுமதிக்கப்படாத பழுதாகிவிடும், சுடாத குண்டுகள் பூஜ்யம். ரேஞ்சில் இதையும் ஒத்திகை பாருங்கள்: பயிற்சித் தோழர் சொல்லாமல் கொள்ளாமல் வெடிமருந்தில்லாத ஒரு போலித் தோட்டாவை நடுவில் நுழைத்து வைக்கட்டும், உங்கள் இடக்கை எங்கே போகிறது என்று பாருங்கள்.