நம்பிக்கை: 'விசுவாசம்' இருந்த இடத்துக்கு வந்த சொல்

பழைய கத்தோலிக்கச் செபப்புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், 'விசுவாச முயற்சி' என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். அதை அடுத்து 'நம்பிக்கை முயற்சி' வரும்; பிறகு 'தேவசிநேக முயற்சி'. இப்போது திருவிவிலியத்தில் 1 கொரிந்தியர் 13:13-ஐப் பிரியுங்கள். 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று இருக்கும். பவுல் சொன்ன மூன்றும் அதே மூன்றுதான். ஆனால் இரண்டாவதாக நின்ற நம்பிக்கை முதல் இடத்துக்கு ஏறிவிட்டது. காலியான இடத்தில் எதிர்நோக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டி செபத்தில் 'நம்பிக்கை' என்றபோது கேட்டது ஒன்று, பேத்தி அதே சொல்லைச் சொல்லும்போது கேட்பது இன்னொன்று.

இந்த இடமாற்றம் தெரியாமல் வாசித்தால் தடுமாற்றம் வரும். எபிரேயர் 11:1 நல்ல உதாரணம். பழைய புரோட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பில் 'விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதி' என்று தொடங்கும். அங்கே 'நம்பப்படுகிறவை' என்றால் இனி வரும் என்று நாம் காத்திருப்பவை. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே வரியில், எதிர்நோக்கியிருப்பவை கிடைக்கும் என்னும் உறுதியே நம்பிக்கை என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவருக்கு, ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பது கண்ணில் படாது.

விசுவாசம் வடமொழிச் சொல். 'வி' என்ற முன்னொட்டும், மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'ச்வஸ்' என்ற வேரும் சேர்ந்தது. சுவாசம் என்பதும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். பதற்றமின்றி மூச்சுவிடும் நிலை, அதிலிருந்து ஒருவரை ஐயமில்லாமல் சார்ந்திருப்பது என்று பொருள் வளர்ந்தது. அழகான சொல்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தமிழ்ப் பேச்சில் அது வேறு திசையில் போய்விட்டது. 'நன்றி விசுவாசம்', 'எஜமான விசுவாசம்' என்கிறோம்; நாயின் குணத்தைச் சொல்லவும் அதே சொல்தான். உண்டதற்குக் கடன்பட்டிருப்பது என்ற வாடை அதில் ஒட்டிக்கொண்டது. வினையாக மாற்றும்போது இன்னொரு தொல்லை. 'விசுவாசி' என்பது 'நம்பு' என்ற ஏவலா, நம்புகிற ஆளா என்பது வாக்கியம் முடிந்தால்தான் தெரியும். பழைய செபங்களில் 'விசுவசிக்கிறேன்' என்று வரும். கோயிலுக்கு வெளியே அந்த வினையை யாரும் பேசிக் கேட்டதில்லை.

'நம்பு' அப்படியில்லை. 'உங்களை நம்பித்தான் வந்தேன்', 'மழையை நம்பி விதைத்தான்' என்று நாள் முழுக்கப் புழங்கும் வினை அது. இந்த வாக்கியங்களில் நம்புவது மனத்துக்குள் வைத்திருக்கும் ஒரு கருத்தாக நின்றுவிடுவதில்லை. விதை ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது. இனித் திரும்ப எடுக்க முடியாது.

சொல்லின் வயதைப் பார்த்தால் இன்னும் வியப்பு. தொல்காப்பியத்தின் உரியியல் 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது. நசை என்றால் விருப்பம், வேட்கை. ஆக 'நம்பு' தொடக்கத்தில் ஏக்கத்தைக் குறித்த சொல்; ஐயமில்லாமல் ஏற்பது என்ற பொருள் அதன்மேல் பிறகு படிந்தது. இறைவனை நம்புவதற்குள் இறைவனை விரும்புவதும் அடங்கியிருக்கிறது என்று இறையியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை, இந்தச் சொல் தன் வேரிலேயே வைத்திருக்கிறது. (மறையுரைகளில் 'நம்பிக்கை'யை 'நம்பி', 'கை' என்று பிரித்து, கையைப் பிடித்துக்கொள்வதாக விளக்குவதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வாழ்க்கை, செய்கை, வருகை ஆகியவற்றில் வரும் அதே விகுதிதான் இந்தக் கை.)

வேடிக்கை என்னவென்றால், எபிரேயத்தில் உண்மையாகவே ஒரு கை உண்டு. நம்பிக்கைக்கு எபிரேயச் சொல் 'எமுனா'. உறுதியாக நிற்பது, தாங்குவது என்ற பொருளுடைய 'ஆமன்' வேரிலிருந்து வந்தது. விடுதலைப் பயணம் 17-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரயேலர் வெல்கிறார்கள். கை தளர்ந்தால் எதிரி வெல்கிறான். கை வலிக்கிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கமும் கூர் மறுபக்கமும் கையைத் தாங்கிக்கொள்கிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் தளராமல் நின்றன என்று சொல்லும் இடத்தில் மூலத்தில் இருக்கும் சொல் 'எமுனா'. வலிக்கும் கை, அடியில் கல், இருபுறமும் தாங்கும் ஆட்கள். மன்றாட்டில் சோர்ந்துபோகிறவர்களுக்கு இதைவிட நல்ல சொல் விளக்கம் எனக்குத் தெரியாது.

கிரேக்கத்தில் 'பிஸ்திஸ்'. யோவான் நற்செய்தியில் இந்தப் பெயர்ச்சொல் ஓரிடத்தில்கூட வராது. நம்புதல் என்ற வினை மட்டும் திரும்பத் திரும்ப வரும். உயிருள்ள வினை ஒன்று நமக்கு ஏன் தேவை என்பதற்கு இந்த ஒரு நற்செய்தியே போதும். 'நம்புகிறேன்' என்று பொருள்படும் இலத்தீனின் 'கிரேதோ' வடமொழி 'சிரத்தா'வுக்கு உறவு. இரண்டும் ஒரே பழைய வேரின் பிள்ளைகள். அந்தச் 'சிரத்தா'தான் தமிழில் 'சிரத்தையாகப் படி' என்று சொல்லும்போது வரும் சிரத்தை. உறவு முறைப்படி பார்த்தால் சிரத்தைக்கே உரிமை அதிகம், ஆனால் அது அக்கறையாகச் சுருங்கிவிட்டது.

புனித அகுஸ்தீன் நம்புவதை மூன்றாகப் பிரிப்பார். கடவுள் இருக்கிறார் என்று நம்புவது, கடவுள் சொல்வதை நம்புவது, கடவுளையே நம்புவது. முதலாவது பேய்களுக்கும் உண்டு என்று யாக்கோபின் திருமுகம் சொல்லிவிடுகிறது. மறைநூல் வாசிப்பு இரண்டாவதைக் கட்டுகிறது. அறிவிப்பதைக் கேட்பதால்தான் நம்பிக்கை உண்டாகிறது என்று பவுல் உரோமையருக்கு எழுதுவது அதைத்தான். மறைநூலை அறியாதவர் கிறிஸ்துவை அறியாதவர் என்ற புனித எரோணிமுவின் சொல்லை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டில் எடுத்தாண்டது. மூன்றாவது படிப்பால் மட்டும் வராது. மாற்கு 9-இல் நோயுற்ற மகனோடு வந்த தகப்பன் 'நம்புகிறேன்' என்று கதறிய மூச்சிலேயே தன் நம்பிக்கையின்மை நீங்க உதவும்படி கேட்கிறார். எங்கள் நம்பிக்கையை மிகுதியாக்கும் என்று திருத்தூதர்களே கேட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். நம்பிக்கை கூடும், குறையும், கேட்டுப் பெற வேண்டியிருக்கும் என்பது இரண்டு இடத்திலும் தெரிகிறது. அந்த வகையில் 'விசுவாச முயற்சி'யின் 'முயற்சி' எனக்குப் பிடித்த சொல். இலத்தீன் 'ஆக்துஸ்' வெறும் செயல்தான். தமிழில் அது முயற்சியாகி, இன்று செய்து நாளையும் செய்ய வேண்டியது என்றாகிவிட்டது.

அப்படியானால் எதை எங்கே எழுதுவது? இன்றைய எழுத்தில் விசுவாசத்துக்கு நம்பிக்கை, பழைய 'நம்பிக்கை'க்கு எதிர்நோக்கு. 2025 யூபிலியின் கருப்பொருளும் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்றுதான் தமிழில் வந்தது. விசுவாசிகளை நம்பிக்கையாளர் எனலாம். பழைய செபத்தைச் சொல்லும்போது மட்டும் அதை அப்படியே விட்டுவிடுங்கள். 'விசுவாசம்' என்ற இடத்தில் 'நம்பிக்கை' என்று மாற்றி, கீழே இருக்கும் பழைய 'நம்பிக்கை'யைத் தொடாமல் விட்டால், ஒரே செபத்தில் ஒரே புண்ணியத்தை இரண்டு முறை கேட்டதாகிவிடும். அச்சிட்ட தாள்களிலேயே இந்தக் குளறுபடியைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு திருப்பலியின் நம்பிக்கை அறிக்கையில் 'ஒரே கடவுளை நம்புகிறேன்' என்கிறோம். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் கிரேக்கத்தில் 'நம்புகிறோம்' என்று பன்மையில் எழுதினார்கள். இலத்தீன் வழிபாட்டில் அது ஒருமையானது. எழுவாய் மாறியது, மொழிகள் மாறின. அந்த அறிக்கையின் கடைசிச் சொல்லை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை. நற்கருணை வாங்கும்போதும் 'கிறிஸ்துவின் திருவுடல்' என்று குரு சொல்ல, பதிலுக்கு அதே சொல்லைத்தான் சொல்கிறோம். ஆமென். அதுவும் ஆமன் வேர்தான்.