செய்வினை வச்சது யாரு?

மும்பை லோக்கல் ரயிலில் தினமும் போய்வருகிறவர்களுக்கு அந்த ஸ்டிக்கர்கள் பழகிப்போயிருக்கும். கதவுக்கு மேலே, ஜன்னல் ஓரத்தில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஒட்டியிருப்பார்கள். 'பெங்காலி பாபா' என்று பெயர் போட்டுக்கொள்கிற மந்திரவாதிகள் வகையறா. காதல் தோல்வி, வியாபார நஷ்டம், சக்களத்தி தொல்லை, எதுவானாலும் சில மணி நேரத்தில் தீர்வு; கீழே ஒரு மொபைல் நம்பர். யார்தான் இதற்கெல்லாம் ஃபோன் போடுவார்கள் என்று சிரித்துவிட்டு இறங்கிவிடுவோம். போடுகிறார்கள். அவர்களில் சிலர் அப்புறம் என்னைப் போன்ற வக்கீல்களிடம் வந்து நிற்கிறார்கள்.

சயான், தாராவி, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வழக்குகள்தான் என்னிடம் அதிகம். இப்போதெல்லாம் ஸ்டிக்கரின் வேலையை ரீல்ஸ் பார்த்துக்கொள்கிறது. சுத்தமான தமிழில் பேசுகிற சாமிகள், பின்னணியில் ஏதோ பேய்ப்படத்து உடுக்கைச் சத்தம். ஹிந்தி பேசத் தயங்கியே தப்பித்துக்கொண்டிருந்த நம் ஊர் அம்மாக்களுக்கும் வலை வந்துவிட்டது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிற அக்கா. மகளுக்கு வருகிற வரன் எல்லாம் தட்டிப்போகிறது, வியாபாரமும் டல். ராத்திரி ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டிருக்கிறார். சாமி முதலில் 501 ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். "வாசப்படிக்கு இடது பக்கம் ஈரம் நிக்குது பாரு தாயி" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அது ஜூலை மாதம். ஜூலையில் மும்பையில் எந்த வாசப்படியில்தான் ஈரம் நிற்காது? மறுநாள் சாமியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆணி குத்திய எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு, கொஞ்சம் தலைமுடி. உன் வாசலில் புதைத்திருந்ததை இங்கிருந்தே எடுத்துவிட்டேன் என்றார்.

அக்காவின் வீடு இரண்டாவது மாடி. "மாடியில எங்கக்கா புதைக்கிறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அது தோணல மேடம். படத்துலயும் இப்படித்தானே எடுப்பாங்க?" என்றார்.

சாமி அவருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. முக்கால்வாசிக் கதை அக்காவுக்கு ஏற்கெனவே மனப்பாடம். எலுமிச்சம்பழம் எப்படி இருக்கும், எங்கே புதைப்பார்கள், எடுக்கிறவர் எப்படிக் கண்ணை மூடுவார், எடுத்தபின் வீட்டில் விளக்கு எப்படிப் பிரகாசமாக எரியும் என்று எல்லாம் தெரியும். மீதிக் கால்வாசிக்குத்தான் சாமி காசு வாங்கினார். 501 ரூபாய் 5,100 ஆனது. அப்புறம் "பூஜை பாதியில நிக்குது, விட்டா திருப்பி அடிக்கும்" என்று 21,000, இப்படியே மேலும் மேலும். யாரிடமும் சொன்னால் பலிக்காது என்ற நிபந்தனை வேறு. அதனால் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிந்தபோது அறுபதாயிரத்துக்கு மேல் போயிருந்தது.

இதைவிடப் பெரிய சேதம் இடையில் நடந்தது. "செஞ்சது ஒரு பொம்பள. உறவுக்காரி. உன் கையால சாப்பிட்டவ" என்று சாமி சொல்லியிருக்கிறார். பெயரைச் சொல்லவில்லை. இந்த ஆட்கள் சொல்லவே மாட்டார்கள், அதுதான் தொழில் நேர்த்தி. "என் நாத்தனாரா இருக்குமோ சாமி?" என்று கேட்டது அக்காதான். "நீயே சொல்லிட்டே தாயி" என்று பதில் வந்தது. அந்த நாத்தனார் கணவரை இழந்தவர், அடுத்த சாலில் (வரிசையாக ஒண்டிக்குடித்தன வீடுகள் இருக்கிற கட்டடம்) குடியிருக்கிறார். அன்றிலிருந்து பிள்ளைகள் அத்தை வீட்டில் வாய் நனைக்கக்கூடாது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சண்டை. பேச்சு சால் முழுக்கப் பரவி, வளைகாப்பு, சடங்கு என்று எந்த விசேஷத்துக்கும் அந்த அம்மாவை யாரும் கூப்பிடுவதில்லை. நான் பார்த்தவரை விரல் நீளுவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள் பக்கம்தான்: விதவை, தனியாக இருப்பவள், வந்து கேட்க அண்ணன் தம்பி இல்லாதவள்.

உடனே சினிமாதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று ஆரம்பிக்கப்போவதில்லை. அம்புலிமாமா வேதாளத்தையும் முத்து காமிக்ஸ் மாண்ட்ரேக்கையும் படித்து வளர்ந்தவள் நான். மாயாஜாலக் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் கதைகளில் மந்திரம் இருக்கும் இடம் மாறியிருக்கிறது. அதைக் கவனிக்க வேண்டும்.

1951-இல் வந்த 'பாதாள பைரவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.வி. ரங்காராவின் நேபாள மந்திரவாதி கேட்டதைத் தரும் ஒரு சிலைக்காக ஒரு வீரனைப் பலிகொடுக்கத் திட்டம் போடுகிறான். கொடூரமானவன்தான், ஆனால் எங்கிருந்தோ வந்தவன். தாடியும் உடையும் பேச்சும் நம் ஊரில் யாரிடமும் பார்க்க முடியாதவை. 1957-இன் 'மாயா பஜா'ரில் கடோத்கஜன் கல்யாணச் சாப்பாட்டையே வெட்டு வெட்டென்று வெட்டுகிறான். அங்கே மாயம் என்றால் கும்மாளம். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த ஒருவர் தன் நாத்தனாரைச் சந்தேகப்படுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

பின்னால் வந்த பல பேய்ப்படங்களும், அவற்றைவிட அதிகமாக நெடுந்தொடர்களும் மந்திரவாதியைக் குடும்பத்துக்குள் கூட்டிவந்துவிட்டன. அவனுக்குக் காசு கொடுத்து வேலை வாங்குவது சொத்துக்கு ஆசைப்படுகிற அண்ணி, வயிற்றெரிச்சல் பிடித்த சித்தி, சிரித்துக்கொண்டே பால்பாயசம் கொண்டுவருகிற எதிர்வீட்டுக்காரி. அவள் தலையணைக்கு அடியில் தாயத்தைச் செருகுவதைக் கேமரா நமக்குக் காட்டிவிடும். கதாநாயகிக்குத்தான் தெரியாது. நாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து "அடியே, அவளை நம்பாதடி" என்று பதறுவோம். கதை சொல்கிற உத்தி என்ற அளவில் இதில் தப்பில்லை. நிஜ வாழ்க்கையில் அந்தக் கேமரா கிடையாது, ஆனால் யாரோ செருகத்தான் செய்திருப்பார்கள் என்ற நிச்சயம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. கேமராவின் இடத்தில் ரீல்ஸ் சாமி வந்து உட்கார்ந்துகொள்கிறார். மூடநம்பிக்கையை ஊக்குவிக்கிற நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்று 1994-ஆம் வருடத்துக் கேபிள் டி.வி. விதிகளில் இருக்கிறது. தொடர் ஆரம்பிக்கும்போது ஓரமாக ஓடுகிற பொடி எழுத்து எச்சரிக்கையோடு அந்த விஷயம் முடிந்துபோகிறது.

சினிமாப் பாட்டில் வேறு மாதிரி. காதலி சொக்குப்பொடி போடுவாள், கண் மையால் வசியம் பண்ணுவாள், காதலன் சந்தோஷமாகப் புலம்புவான். எனக்கும் பிடித்தவைதான். கல்யாணத்துக்கு அப்புறம் அதே கற்பனை மாமியார் வாயில் "மருந்து வச்சுட்டா" என்று மாறுகிறது. மகன் தனிக்குடித்தனம் போகலாம் என்று சொன்னால் போதும். விவாகரத்து மனுக்களில், சாப்பாட்டில் ஏதோ கலந்து கொடுத்து என் கட்சிக்காரரை மயக்கிவிட்டார் என்று ஒரு பத்தி இருப்பதை நானே படித்திருக்கிறேன். முப்பது வயது ஆண் தன் பெண்டாட்டி பேச்சைக் கேட்பதற்கு இவர்களுக்கு வேறு காரணமே தோன்றாது போலிருக்கிறது.

இதில் பையன்களின் கதை தனி. பிரிந்துபோன பெண்ணைத் திரும்ப வரவைக்க 'வசியம்' செய்கிறேன் என்று சொல்கிறவனிடம் அவளுடைய படம், பிறந்த தேதி, ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்கள். தன் காசு போவது இருக்கட்டும், முன்பின் தெரியாத ஒருவன் கையில் அந்தப் பெண்ணை மாட்டிவிடுகிறோம் என்பது உறைப்பதில்லை. கொஞ்ச நாளில் அந்தப் படத்தை வைத்தே இருவரையும் மிரட்டி மறுபடி காசு கேட்பார்கள்.

'சந்திரமுகி'யைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2005-இல் வந்த அந்தப் படத்தில் ரஜினி மனநல மருத்துவர். பிரச்சினை மனநோய் என்று படமே சொல்கிறது. ஆனால் முடிவில் அவருக்கு ஒரு மந்திரவாதியின் பூஜைக் களமும் தேவைப்படுகிறது. சினிமாவுக்கு அது பொருத்தமான உச்சக்காட்சி. என்னிடம் வருகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, டாக்டர் ஒரு பக்கம் பார்க்கட்டும், சாமி ஒரு பக்கம் பார்க்கட்டும் என்பது. மாத்திரை நிற்காத வரை சாமி கும்பிடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் பூஜை பலிக்கும் என்று எவனாவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மனநல உதவிக்கான மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

நேரில் வந்து செய்கிறவர்களின் வித்தைகள் பள்ளிக்கூட வேதியியல்தான். மெத்தில் ஆரஞ்சு கரைசல் தடவிக் காயவைத்த கத்தியால் எலுமிச்சம்பழத்தை வெட்டினால் சாறு பட்ட இடம் ரத்தம்போலச் சிவக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரின் ஊற்றினால், ஓமகுண்டம் கொஞ்ச நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். கிளிசரினை நெய் என்று சொல்லிக்கொள்ளலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரியும். மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பான மகாராஷ்டிர அந்தஷ்ரத்தா நிர்மூலன் சமிதியினர் வருடக்கணக்காக ஊர் ஊராகப் போய் இவற்றைச் செய்துகாட்டி வருகிறார்கள்.

அந்த அமைப்பை 1989-இல் தொடங்கிய டாக்டர் நரேந்திர தாபோல்கர் சூனியத்துக்கு எதிராக ஒரு சட்டம் வேண்டும் என்று பல வருடம் போராடினார். 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் காலை நடைக்குப் போனபோது சுட்டுக்கொல்லப்பட்டார். சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது, அந்த வருட முடிவில் சட்டமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். விளம்பரம் செய்வதும் குற்றம்தான், ஆக ரயிலில் இருக்கிற ஸ்டிக்கர்களில் பலவும் இதில் வரும். பேயோட்டுகிறேன் என்று அடிப்பது, நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மந்திரிப்பது எல்லாம் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன.

நம் மக்கள் பலருக்குத் தெரியாதது அதே அட்டவணையில் இருக்கிற இன்னொன்று. ஒருவர் சூனியம் வைக்கிறார், மந்திரத்தால் மாட்டின் பாலை வற்றவைக்கிறார், அவரால்தான் நோய் வருகிறது, கெடுதல் வருகிறது என்று சொல்லி அவருடைய வாழ்க்கையைத் துன்பமாக்கினால் அதுவும் குற்றம். சாமிக்கு மட்டுமல்ல, சொல்கிற எல்லாருக்கும் இது பொருந்தும். மாவு அக்காவிடம் இதை வாசித்துக்காட்டியபோது முகம் வெளுத்துவிட்டது. ஏமாந்தவர் என்று வந்தவர்மேலேயே அவருடைய நாத்தனார் புகார் கொடுக்க முடியும். கொடுக்கவில்லை, அது அந்த அம்மாவின் பெருந்தன்மை. பெரியவர்கள் நான்கு பேர் முன்னால் வைத்து, தான் சொன்னது பொய் என்று அக்காவைச் சொல்லவைத்தோம். பேச்சு எந்தச் சாலில் பரவியதோ, மறுப்பும் அங்கேயே போய்ச்சேர வேண்டும் என்பது என் கட்டாயம்.

கோவிலுக்குப் போவது, பஜனை, யாத்திரை, ஜோசியம், வாஸ்து பார்ப்பது ஆகியவற்றை இந்தச் சட்டம் தொடவே இல்லை. இது மதத்துக்கு எதிரான சட்டம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பவேண்டாம். தாயத்தும் மந்திரமும் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-இலிருந்தே வேறொரு மத்தியச் சட்டமும் இருக்கிறது.

பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு ஃபோன் செய்யுங்கள். காசு இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் வங்கி அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடவே கூடாது. வாய்ஸ் மெசேஜ், அந்த எலுமிச்சம்பழப் படம், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் எல்லாம் சாட்சியம். மிரட்டலுக்குப் பயந்து இன்னொரு தவணை கட்டாதீர்கள். போலீஸுக்குப் போனால் சாமி திருப்பி ஏவிவிடுவார் என்று பயப்படுகிறவர்களுக்கு, என் அனுபவத்தில் வக்கீல் பேசியதும் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடுகிறது.

ஸ்டேஷனில் என்.சி. (போலீஸ் தானாக விசாரிக்கத் தேவையில்லாத சின்னக் குற்றம் என்ற பதிவு) எழுதிக்கொடுத்து அனுப்பப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இது எஃப்.ஐ.ஆர். போடவேண்டிய குற்றம், மராத்தி மொழியில் எழுதினாலும் உங்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும், நகல் இலவசமாகத் தர வேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரத்தில் மோசடிப் பிரிவை மட்டும் போட்டுவிட்டு 2013-ஆம் வருடச் சட்டத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறதா, சாமி உங்கள் உறவுக்காரரைக் கைகாட்டியது அதில் ஒரு வரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.