நிவாரணமும் துயர்துடைப்பும்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலால் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போன காட்சியைப் பலரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். மண்டபம் ஒன்றின் வாசலில் 'நிவாரண முகாம்' என்று ஒட்டியிருந்த தாளைக் காட்டி ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "நிவாரணம்னா காசா சாமி, அரிசியா?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. அந்தச் சொல் இன்று அங்கேதான் வந்து நிற்கிறது.

நிவாரணம் வடசொல். தடுத்தல், விலக்குதல் என்பதே அதன் முதற்பொருள். நம் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் 'வியாதி நிவாரண' என்றால் நோய் வராமல் தடுப்பது. தமிழிலோ அது வந்த துன்பத்தைத் தணிப்பதாகிவிட்டது: வலி நிவாரணி, நீதிமன்றத்தில் கேட்கும் நிவாரணம், வெள்ள நிவாரணம். அப்புறம், தணிக்கத் தரும் பணமும் பொருளுமே நிவாரணம் ஆகிவிட்டன. ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் அதே வெள்ளப் பணத்துக்குப் பெயர் 'பரிஹார'. நமக்குப் பரிகாரம் என்றால் ஜோசியரும் கோயிலும்தான் நினைவுக்கு வரும்.

ஒரு நாடே இடரில் விழும்போதும் இதே சொல்லைத்தான் எடுக்கிறோம். 2022இல் இலங்கை எரிபொருளுக்கும் மருந்துக்கும் தவித்தபோது, 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், 137 வகை மருந்துகள் அனுப்பத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. வெளியுறவு ஒன்றிய அரசின் கையில் இருப்பதால் அதன் அனுமதி வேண்டியிருந்தது; கொழும்பில் இந்தியத் தூதர் வழியாகவே பொருட்கள் ஒப்படைக்கப்பட்டன. இதை நிவாரணம் எனலாம். ஆனால் 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஒப்புதல் தந்த சுமார் 300 கோடி டாலர் திட்டத்தையும் நிவாரணம் என்று எழுதுவது தவறு. அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வள்ளுவர் 'விழுமம் துடைத்தவர் நட்பு' என்கிறார் (107). விழுமம் என்றால் துன்பம். இன்னொரு குறளில் (788) 'இடுக்கண் களைவதாம் நட்பு'. உடை நழுவும்போது யாரும் சொல்லாமலே கை அங்கே போகிறதே, அந்த வேகம் அதற்கு உவமை. துடைப்பதும் களைவதும் கையால் செய்கிற வேலைகள். களையெடுத்தவர்களுக்கு அந்த வினையை விளக்கவே வேண்டாம். அதனால் 'துயர்துடைப்பு' என்பதே எனக்குப் பிடித்த சொல். நிவாரணப் பணிக்குத் துயர்துடைப்புப் பணி. தருகிற பொருளுக்கும் பணத்துக்கும் 'இடருதவி' போதும். பாட்டி கேட்ட கேள்விக்கு அப்போது இடமே இருக்காது.

புதுச்சொல் பெயர்ப்பலகையில் ஏறாது என்பார்கள். ஏறியதற்கு எங்கள் பக்கமே ஒரு சான்று உண்டு. ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் பாம்பாறு அணை முகாமில் இலங்கைத் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அவர்களை 'அகதி', அதாவது போக்கிடம் இல்லாதவர் என்றே எழுதிவந்தோம். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபின், அகதிகள் முகாம்கள் எல்லாம் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆயின.