புலனாய்வு இதழியல்: சொல் விளக்கம்

ஸ்டீக் லார்சனின் 'மில்லேனியம்' வரிசையில் இரண்டாவது நாவல் ஸ்வீடனில் 2006இல் வந்தது, 2009இல் படமும் ஆனது. அதைத் துப்பறியும் கதை என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அதில் வரும் மிக்கேல் புளூம்க்விஸ்ட் துப்பறிவாளர் இல்லை, பத்திரிகைக்காரர். அவர் செய்கிற வேலைக்கு ஸ்வீடிஷ் மொழியில் 'கிரேவந்தெ ஷூர்னலிஸ்டிக்' என்று பெயர். 'கிரேவா' என்றால் தோண்டு. கல்லறையைக் குறிக்கிற ஆங்கில 'கிரேவ்'கூட இதே வேரில் முளைத்ததுதான். இப்படித் தோண்டி எழுதுகிறவர்களுக்கு அங்கே ஒரு சங்கமே இருக்கிறது, அது தரும் விருதின் பெயர் 'தங்க மண்வெட்டி'.

துப்பறிவாளர் வரும்போது பிணம் ஏற்கெனவே கிடக்கிறது, யார் கொன்றது என்பதுதான் அவர் கேள்வி. தோண்டுகிற செய்தியாளருக்கு அந்த வசதி கிடையாது, ஏனென்றால் குற்றம் ஒன்று நடந்ததாகவே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாவலில் டாக் ஸ்வென்சன் பெண்களைக் கடத்தி விற்கும் தொழிலைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார், பணம் கொடுத்து அந்தப் பெண்களிடம் போனவர்கள் யார் யார் என்று தேடினால் அதில் போலீஸ்காரர்களும் இருக்கிறார்கள். அது அச்சாகும் முன்பே அவரையும் அவர் துணைவியையும் சுட்டுவிடுகிறார்கள்.

நிஜத்திலும் 1973இல் ஸ்வீடனில் யான் கியூ, பீட்டர் பிராட் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள், 'ஐபி' என்றொரு ரகசிய உளவு அமைப்பு சொந்த நாட்டு இடதுசாரிகளையே வேவு பார்த்ததை அம்பலப்படுத்தினார்கள். அவர்கள்மேலேயே உளவுக் குற்றம் சுமத்திச் சிறையில் போட்டார்கள். 1766இலேயே அச்சுச் சுதந்திரத்துக்குச் சட்டம் போட்ட நாட்டில் இது நடந்தது!

சரி, தமிழில்? 'புலனாய்வு இதழியல்' சரியான சொல். புலன் என்பதில் ஐம்புலன் மட்டுமல்ல, புலப்படுவதும் அடக்கம். காவல்துறையின் 'புலன் விசாரணை'யும் அந்தப் பொருளில் வந்ததே. புலப்படாமல் மறைத்ததை ஆய்ந்து புலப்பட வைப்பதால் இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 'துப்பறியும் இதழியல்' வேண்டாம், அது குற்றவாளியைத் தேடும் வேலையோடு இதைக் குழப்பிவிடும். ஸ்வீடிஷ் சொல்லில் இருக்கிற அந்த மண் வாசனை வேண்டுமென்றால், வினையாக எழுதும்போது 'தோண்டித் துருவி' என்று நாம் தினமும் சொல்வதையே போடலாம்: 'அந்த டெண்டர் ஊழலைத் தோண்டித் துருவி எழுதியவர்.'